கடவுளைப் படைத்தது யார்?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. தினமும் படுக்கும்முன் இருவரும் சேர்ந்து பிரார்த்தனை செய்வோம். போன மாதம் ஒருநாள், "எல்லாத்தையும் கடவுள் படைச்சார்னா, கடவுளை யார் படைச்சாங்க?" என்று கேட்டாள். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, பாவம்" என்று அதட்டிவிட்டேன். அவள் மறந்துவிட்டாள், கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போது கண்ணை மூடினால் வெறுமைதான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை போய்விட்டதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்தக் கேள்வி பாவம் இல்லை. இறைவனை நெஞ்சாரத் தொழுதவர்களே காலங்காலமாக அதைச் சுற்றி வந்திருக்கிறார்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், 129-ஆவது பாடல் படைப்பைப் பற்றியது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்கும், அவனுக்கும் தெரியாதோ என்னவோ என்று முடிகிறது. அந்த வரியை யாரும் நீக்கிவிடவில்லை.

மகளின் கேள்வி 'எல்லாமே படைக்கப்பட்டவை' என்பதை வைத்துக்கொண்டு எழுகிறது. அங்கேதான் நிதானிக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டார், தம் சிவஞானபோதம் என்ற நூலின் முதல் சூத்திரத்திலேயே இதைத் தொடுகிறார். தோன்றி, நின்று, ஒடுங்குகிற உலகத்துக்குத்தான் ஒரு கர்த்தா வேண்டும். தோற்றமே இல்லாத ஒன்றிடம் போய் 'யார் படைத்தது' என்று கேட்க இடமில்லை. இதையும்விட என்னை அசைத்தது வேறொன்று. சைவ சித்தாந்தத்தில் உயிர்களையும் இறைவன் படைக்கவில்லை. பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற உயிரைக் கட்டும் தளை, மூன்றுமே அநாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை. இருளில் கிடக்கும் உயிருக்கு உடம்பும் உலகமும் கொடுத்துக் கைதூக்கிவிடுகிறவன்தான் அங்கே இறைவன். வருடக்கணக்காகப் படித்தும் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சரி, இதற்கு மறுப்பு இல்லையா? உண்டு. அநாதியாக ஒன்று இருக்கலாம் என்றால், உலகமே அப்படி இருந்துவிட்டுப் போகட்டுமே? சமணர்கள் அதைத்தான் சொன்னார்கள். வேதச் சடங்குகளையே முதன்மையாகக் கொண்டு வேள்வியை விடாத மீமாம்சகர்கள்கூட, உலகைப் படைக்க ஒரு கடவுள் தேவையில்லை என்றார்கள். வாதம் இன்னும் தீரவில்லை. என் மனம் மெய்கண்டார் பக்கம் சாய்கிறது. உங்கள் மனம் வேறு பக்கம் சாய்ந்தால், அதற்காக நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

அப்புறம் அந்த வெறுமை. அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது பலர் திகைத்துப் போனார்கள். இறைவன் அருகில் இருப்பதையே உணர முடியாமல் பல பத்தாண்டுகள் தவித்ததைத் தம் வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். ஆனாலும் பிரார்த்தனையை நிறுத்தவில்லை. நம்பிக்கை போனவர்கள் பெரும்பாலும் இப்படித் தவிப்பதில்லை, சகோதரி. நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். சொற்கள் வராவிட்டால் சும்மா உட்காருங்கள். வராத சொற்களை வரவழைக்க வேண்டாம்.

மகள் மறந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம்தான். அதட்டலைக் குழந்தைகள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. இன்று இரவு நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். "அன்னைக்கு நீ நல்ல கேள்விதான் கேட்டே, எனக்குப் பதில் தெரியலை, அதான் திட்டிட்டேன்" என்று சொல்லுங்கள். மெய்கண்டாரெல்லாம் அப்புறம் வரட்டும். அவள் என்ன நினைக்கிறாள் என்று முதலில் கேளுங்கள்.