கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஃபாக் ஆலன்: கேள்வி பதில்

கேள்வி: கூடைப்பந்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அப்படியிருக்க, பயிற்சித் துறைக்குத் தந்தை என்று ஆலனைச் சொல்வது ஏன் ஐயா?

பதில்: 1891இல் ஆட்டத்தை உருவாக்கிய நெய்ஸ்மித், அதற்குப் பயிற்சியாளர் ஒருவர் தேவை என்று கருதவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆடிய ஆலன், பேக்கர் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி அளிக்கப் புறப்பட்டபோது, இது சொல்லிக்கொடுக்கும் ஆட்டமல்ல, ஆடும் ஆட்டம் என்று ஆசிரியர் கூறியதாகச் சொல்வார்கள். கான்சஸில் நெய்ஸ்மித்தின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அதே இடத்தில் 39 பருவங்கள் பணியாற்றிய மாணவர் 590 ஆட்டங்களை வென்றார். 1952இல் கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டமும் கிடைத்தது.

கேள்வி: 'ஃபாக்' என்பது இயற்பெயரா?

பதில்: இல்லை. இயற்பெயர் ஃபாரஸ்ட். பேஸ்பால் நடுவராக நின்று அவர் எழுப்பிய குரல், மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகுழலைப் போல ஒலித்ததால் வந்த பட்டப்பெயர் அது.

கேள்வி: ஆடுகளத்துக்கு வெளியே அவர் என்ன செய்தார்?

பதில்: என் பார்வையில் அவருடைய பெரிய பணி அங்கேதான் இருக்கிறது. 1927இல், பந்தை ஒரே ஒரு முறைதான் தரையில் தட்டலாம் என்று விதியை மாற்ற முற்பட்டபோது, அவர் பயிற்சியாளர்களை ஒன்றுதிரட்டி எதிர்த்தார். மாற்றம் கைவிடப்பட்டது, பயிற்சியாளர்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் பிறந்தது. பந்தைத் தட்டியபடியே எதிராளியைக் கடந்து செல்லும் அழகு இன்று நமக்குக் கிடைப்பதில் அந்தப் போராட்டத்துக்குப் பங்குண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெறவும் அவர் விடாமல் முயன்றார்.

கேள்வி: பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வீரரான வில்ட் சேம்பர்லெய்ன் அவரிடம் ஆடினாரா?

பதில்: அவரைக் கான்சஸுக்கு அழைத்து வந்தவரே ஆலன்தான். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அன்றைய விதி இடம் தரவில்லை. 1955 நவம்பரில் முதலாண்டு அணிக்காக ஆடிய சேம்பர்லெய்ன், பல்கலைக்கழகத்தின் முதன்மை அணிக்கு எதிராகவே 42 புள்ளிகள் எடுத்து வென்றார். ஆனால் 70 வயதில் கட்டாய ஓய்வு என்ற விதியால் 1956இல் ஆலன் விலக நேர்ந்தது. தாம் கொண்டுவந்த வீரரை முதன்மை அணியில் இறக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவேயில்லை.

கேள்வி: அதிக ஆட்டங்களை வென்ற கல்லூரிப் பயிற்சியாளர் என்ற ஆலனின் சாதனையை முறியடித்தவர் யார்?

பதில்: அவரிடம் ஆடிப் பின்னர் பயிற்சியாளரான அடால்ஃப் ரப். ரப்பின் சாதனையை 1997இல் கடந்த பயிற்சியாளர் டீன் ஸ்மித்தும் ஆலனின் மாணவரே.