சென்னை கோட்டை செயின்ட் மேரிஸ் சர்ச்சைச் சுத்தி தரையில பதிச்சிருக்கிற கல்லறைக் கல்லுங்களுக்கு அப்படி என்ன வரலாறு?

மொதல்ல ஒண்ணு, அந்தக் கல்லுங்களுக்கு அடியில யாரும் இல்ல. எல்லாம் வேற எடத்துல இருந்து பேத்து எடுத்துட்டு வந்தது. அதுதான் மேட்டரே.

சர்ச்ச தொறந்தது 1680ல. ஆனா அங்க இருக்கிற எலிசபெத் பேக்கர் கல்லுல 1652ன்னு இருக்கும், அதாவது சர்ச்சைவிட கல்லு பழசு. அப்ப வெள்ளக்காரங்கள பொதச்சது கோட்டைக்கு வெளிய, இப்ப ஹைகோர்ட் பக்கம் பழைய லா காலேஜ் இருக்கே அந்த எடத்துல, அதுக்குப் பேரே கொய்யாத் தோட்டம். காசு இருந்தவங்க கோபுரம் மாதிரி ஒசரமா சமாதி கட்டிவச்சிருந்தாங்க, 1758 கடைசில பிரெஞ்சுத் தளபதி லாலி படையோட வந்து கோட்டைய முற்றுகை போட்டப்போ அவன் ஆளுங்களுக்கு அந்த சமாதிங்கதான் மறைவு, அதுக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டு அடிச்சிருக்காங்க. அடுத்த வருஷம் பிப்ரவரில முற்றுகை முடிஞ்சதும் இங்கிலீஷ்காரன் செஞ்ச வேலை, சொந்த ஆளுங்க சமாதியவே இடிச்சு, எழுத்து இருந்த பலகைக் கல்ல மட்டும் கொண்டாந்து சர்ச்ச சுத்தி பாவிட்டான். எலும்பெல்லாம் அங்கயே கெடக்கு.

அதோட விட்டாங்களா, 1782ல ஹைதர் அலி பயத்துல கல்லுங்களப் பேத்து பீரங்கிக்கு மேடை போட்டாங்க. அப்ப சிலது ஒடஞ்சும் போச்சு. குனிஞ்சு பாத்தா லத்தீன் எழுத்து, குடும்பச் சின்னம், சில எடத்துல பாதி வரி தேஞ்சே போயிருக்கும்.

சர்ச் ரெஜிஸ்டரும் லேசுப்பட்டதில்ல. மொதல்ல பதிவான கல்யாணமே யேல் யுனிவர்சிட்டி பேருக்குக் காரணமான எலிஹு யேலோடது, பொண்ணு ஜோசப் ஹின்மர்ஸ்ங்கிறவரோட விதவை. கல்கத்தாவ உருவாக்கினவர்னு சொல்ற ஜாப் சார்னாக்கோட மூணு பொண்ணுங்களுக்கு 1689ல ஞானஸ்நானம் குடுத்ததும் இங்கதான், அம்மா இந்தியப் பொண்ணு.

கொய்யாத் தோட்டத்துல இடிக்காம விட்ட ஒண்ணு ரெண்டு சமாதில அந்த ஹின்மர்ஸ் சமாதியும் ஒண்ணு, யேலோட பையன் டேவிட்டும் அதுலதான் இருக்கான். பார்க்கிங் கட்ட எடைஞ்சலா இருக்குன்னு கேஸ் போயி, வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி 2023ல ஹைகோர்ட்ல ஆர்டர் வந்துச்சு. என்னக் கேட்டா அத அங்கயே விடணும், கொய்யாத் தோட்டம் எங்க இருந்துச்சுன்னு காட்ட வேற என்ன மிச்சம் இருக்கு?