முஸ்தமேயில் பழைய பனேல் வீடு எடுக்கலாமா?

தம்பிக்கு வணக்கம்.

செப்டம்பரில் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் உள்ள டால்டெக் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப் போவதாகவும், மனைவியும் கைக்குழந்தையும் கூட வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற வீடெல்லாம் முஸ்தமே, லஸ்னமே என்ற குடியிருப்புப் பகுதிகளில்தான் இருக்கிறது, படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சோவியத் அடுக்குமாடிகள், அங்கே குழந்தையோடு இருக்க முடியாது என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக எடுங்கள். நான் தாலினுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இதுவரை இருந்த மூன்று வீடும் பனேல் வீடுதான், அதாவது கான்கிரீட் பலகைகளை நிறுத்திக் கட்டியவை. என் மகள் பிறந்து வளர்ந்ததும் அதில்தான். ஆனால் எந்தக் கட்டிடத்தில் எடுக்கிறீர்கள் என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும். முதல் வீட்டில் நான் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், இந்த வீடுகளை மட்டமாக நினைத்துக்கொண்டு வராதீர்கள். 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு போட்டதில் தாலினில் ஏராளமான வீடுகள் அழிந்தன. போர் முடிந்து சோவியத் ஆட்சி வந்ததும் தொழிற்சாலை வேலைக்கென்று வெளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1959-இல் சுமார் 2.8 லட்சம் பேர் இருந்த ஊர், 1989-இல் ஏறக்குறைய 4.8 லட்சம் ஆனது. இத்தனை பேருக்கு வீடு எங்கே? அறைக்கு ஒரு குடும்பம், சமையலறையும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொது என்று பல குடும்பங்கள் ஒரே பிளாட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. மாஸ்கோவிலும் இதே கதைதான். 1954 டிசம்பரில் சோவியத் தலைவர் குருஷேவ் கட்டிடத் துறையினரைக் கூட்டி, தூணும் அலங்காரமும் போதும், தொழிற்சாலையில் கான்கிரீட் பலகைகளை வார்த்துக் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்றார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வீட்டுப் பஞ்சத்தையே ஒழிப்போம் என்று 1957-இல் அரசு ஆணை வந்தது. லாகுதென்கோ என்ற பொறியாளர் வடிவமைத்த கே-7 போன்ற ஐந்து மாடி வீடுகள் அப்படி வந்தவைதான். ஐந்து மாடியோடு நிறுத்தினால் லிஃப்ட் வைக்க வேண்டியதில்லை. சமையலறை சுமார் 6 சதுர மீட்டர், கூரை உயரம் 2.5 மீட்டர். முஸ்தமேயில் 1962-இல் வேலை தொடங்கியது.

என் இரண்டாவது வீட்டுக்குக் கீழே ஒரு பாட்டி இருந்தார். அறுபதுகளின் நடுவில், நான்கு குடும்பங்கள் சேர்ந்திருந்த பிளாட்டிலிருந்து அங்கே குடிவந்தவர். வந்த முதல் நாள் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். "யாருமே கதவைத் தட்டவில்லை" என்று அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் தழுதழுக்கும். அதைக் கேட்ட பிறகு எனக்கு இந்தக் கட்டிடங்கள் அசிங்கமாகவே தெரியவில்லை.

குறை எங்கே என்றால் சுவரில். அன்று எரிபொருள் மலிவு. அதனால் குளிரைத் தடுக்கப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இரண்டு பலகைகள் சேரும் இடுக்கு வழியாகத்தான் குளிர் உள்ளே வரும். என் முதல் வீட்டில் படுக்கையறை மூலையில் கை வைத்தால் பாத்திரக்கடைக் கல்தரை மாதிரி சில்லென்று இருக்கும். ஜனவரியில் ஒருநாள் அலமாரியை நகர்த்தினேன், பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. அந்த மாதம் வந்த யூட்டிலிட்டி பில் வாடகையில் பாதிக்கு மேல். வீட்டுக்காரர் கோடைக்காலத்து பில்லைக் காட்டித்தான் எனக்கு வீட்டைக் கொடுத்திருந்தார். கேட்கத் தெரியாமல் போனது என் தவறு. நீங்கள் கேளுங்கள்: ஜனவரி, பிப்ரவரி பில் இரண்டும் வேண்டும். காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

பழைய கட்டிடங்களில் சூடு மொத்தமாக வரும். உங்கள் ரேடியேட்டரைத் தனியாகக் குறைக்க முடியாது, செலவையும் சதுர மீட்டர் கணக்கில் பங்கு போடுவார்கள். அதனால் நீங்கள் சிக்கனமாக இருப்பதைவிட முக்கியம், கட்டிடம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. இங்கே ஒவ்வொரு கட்டிடத்துக்கும் குடியிருப்போர் சங்கம் உண்டு, கோர்தெரியூஹிஸ்து என்பார்கள். 2018-லிருந்து சட்டப்படி எல்லாக் கட்டிடத்துக்கும் அது கட்டாயம். தொண்ணூறுகளில் வீடுகளையெல்லாம் குடியிருந்தவர்கள் பெயருக்கே மாற்றியதால், கட்டிடத்தைப் பராமரிப்பது இவர்கள் பொறுப்பு. சுறுசுறுப்பான சங்கம் என்றால் கடன் வாங்கி, அரசு மானியமும் வாங்கி, கட்டிடத்துக்கு வெளியே குளிரைத் தடுக்கத் தடிமனாக ஒரு போர்வை போர்த்திவிடும். குழாய் எல்லாம் புதிது, ரேடியேட்டருக்குத் திருகு உண்டு, உள்ளே வரும் காற்றும் சூடாக்கப்பட்டே வரும். எஸ்தோனியாவின் இன்னொரு ஊரான தார்த்துவில் பழைய ஹ்ருஷோவ்காக்களை, அதாவது குருஷேவ் காலத்து வீடுகளை, இப்படிப் புதுப்பித்து "தார்கோவ்கா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தார்க் என்றால் எஸ்தோனிய மொழியில் புத்திசாலி. மாஸ்கோவில் 2017-இல் இதே மாதிரி வீடுகளை ஆயிரக்கணக்கில் இடிக்க முடிவெடுத்தார்கள். இடிக்காமல் போர்வை போர்த்துகிற இந்த ஊர் வழிதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். யாரையும் கிளப்பி வேறெங்கும் அனுப்பத் தேவையில்லை, அந்தப் பாட்டி அதே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம்.

எனவே புதுப்பித்த கட்டிடமா என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தில் எரிசக்தித் தர எழுத்து இருக்கும். சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், எஃப், ஜி என்றால் நன்றாக யோசியுங்கள். பில்லில் பழுதுபார்ப்பு நிதி என்று ஒரு வரி வரும். அதைக் கட்டுவது நீங்களா வீட்டுக்காரரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்த முகவரியில் உங்கள் வசிப்பிடத்தைப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தாலின்வாசியாகப் பதிந்தால்தான் பஸ்ஸும் டிராமும் இலவசம், 2013-லிருந்து அப்படி. அப்புறம் குழந்தைக்குப் பால்வாடியில் இடம் கேட்கவும் அது வேண்டும்.

புதுப்பிக்காத வீடுதான் கிடைத்தது என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சமையலறையிலும் குளியலறையிலும் மேலே ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும். குளிர் வருகிறது என்று அதை டேப் போட்டு அடைக்கவே கூடாது. நம் சமையலில் நீராவி அதிகம். குக்கர், சாம்பார் கொதி, இட்லிப் பானை என்று எல்லாம் சேர்ந்து போய் ஒட்டுவது அந்தக் குளிர்ந்த மூலையில்தான். சமைக்கும்போது ஜன்னலை அஞ்சு நிமிஷம் அகலத் திறந்து மூடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், போட்டால் குழந்தைக்குச் சளி விடாது.

லஸ்னமே பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள், பெரும்பாலும் ஒன்பது மாடி, ரஷ்ய மொழிதான் அதிகம் கேட்கும். சுண்ணாம்புப் பாறையை வெட்டி லாக்னா சாலையை இறக்கி அமைத்திருக்கிறார்கள். நடுவில் ஓடவேண்டிய டிராம் கடைசிவரை வரவில்லை, அதனால் பஸ்தான். நல்ல மக்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கல்லூரி முஸ்தமேயிலேயே இருக்கிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பைன் மர நிழலில் நடந்தே பால்வாடிக்கும் கடைக்கும் போய்வரலாம். ஐந்து மாடிக் கட்டிடம் என்றால் லிஃப்ட் இருக்காது, இரண்டாம் மாடிக்கு மேல் எடுக்காதீர்கள்.

பிடித்த வீடு ஏதாவது கண்ணில் பட்டால் விளம்பரத்தையும் ஜனவரி பில்லையும் எனக்கு அனுப்புங்கள். வேலை முடிந்து வரும் வழியில் கட்டிடத்தை ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்கிறேன்.