சிக்காத பதிவுகளையும் வாசியுங்கள்

கேள்வி: நியூசிலாந்தின் அரசு விபத்து இழப்பீட்டு நிறுவனமான ஏசிசியின் பதிவுகள் 40,000-இல், ஆங்கில விபத்து விவரக் குறிப்பில் ஏணியைக் குறிக்கும் 'லேடர்' (ladder) என்று தேடினேன். 2,000 சிக்கின. குலுக்கல் முறையில் 200-ஐ வாசித்ததில் 170 உண்மையிலேயே ஏணியிலிருந்து விழுந்தவை. தேடல் 85 சதவீதம் துல்லியம் என்று எழுதலாமா?

பதில்: பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். சிக்கியவற்றில் எத்தனை சரி என்பதை மட்டுமே அந்த 85 சொல்கிறது. நழுவியவற்றை அறிய, சிக்காத 38,000-லிருந்தும் 1,000 பதிவுகளைக் குலுக்கி எடுத்து வாசிக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

அதில் 5 ஏணி விபத்துகள் கிடைத்தால், 38,000-க்கு 190. சிக்கியதில் சரியானவை 1,700. மொத்தம் 1,890, உணர்திறன் (உண்மையான ஏணி விபத்துகளில் தேடலில் சிக்கிய பங்கு) ஏறத்தாழ 90 சதவீதம். ஆனால் 5 என்பது சிறிய எண். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது குலுக்கலின் தற்செயலைக் கணக்கில் கொண்டால் உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு, 1.6 முதல் 11.7 வரை. நழுவியவை 62 ஆகவும் இருக்கலாம், 445 ஆகவும் இருக்கலாம். உணர்திறன் 79-க்கும் 96-க்கும் இடையே எங்கும் நிற்கலாம். அந்த வீச்சையும் சேர்த்தே எழுதுங்கள். 300 மட்டும் வாசித்து ஒன்றுமே அகப்படாவிட்டாலும் நிம்மதி இல்லை: ஒன்றும் அகப்படாதபோது 3-ஐ வாசித்த எண்ணிக்கையால் வகுப்பதே 95 சதவீத மேல்வரம்புக்கான எளிய விதி; 3-ஐ 300-ஆல் வகுத்தால் 1 சதவீதம், அதாவது 380 வரை நழுவியிருக்க இடமுண்டு.

எல்லாப் பதிவுகளிலும் எத்தனை சரியாகப் பிரிந்தன என்று பார்க்கும் 'ஒட்டுமொத்தத் துல்லியம்' என்ற கணக்கைத் தொடவே வேண்டாம். தேடாமலேயே எல்லாவற்றையும் 'ஏணி இல்லை' என்று தள்ளினாலும் இங்கே 95 சதவீதம் வந்துவிடும்.

தவறுகள் எங்கே பிறக்கின்றன? சிறுநீர்ப்பையைக் குறிக்கும் 'பிளேடர்' (bladder) என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் 'லேடர்' எழுத்து மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. முழுச்சொல்லாகத் தேடினால் இது விலகும். கூடவே சேர்த்தெழுதிய 'ஸ்டெப்லேடர்' (stepladder, மடக்கு ஏணி) கைநழுவும். சொல்லுக்குள் எங்கிருந்தாலும் சிக்கும்படி உட்சொல்லாகவே தேடுங்கள், அதற்குமுன் குறிப்பிலிருந்து 'பிளேடர்' என்ற சொல்லை மட்டும் நீக்குங்கள். பதிவையே நீக்கினால், ஏணியிலிருந்து விழுந்து சிறுநீர்ப்பை கிழிந்தவரும் போய்விடுவார். ஒரு 'டி' விட்ட எழுத்துப்பிழையையும் (lader) சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏணியைத் தூக்கும்போது முதுகு பிடித்ததும், ஏணி காலில் விழுந்ததும் கணக்கில் வருமா என்பதை வாசிக்கத் தொடங்குமுன்பே எழுதி வையுங்கள். இருவர் தனித்தனியே வாசிக்கட்டும். எது தேடலில் சிக்கியது என்பது இருவருக்கும் தெரியக்கூடாது. ஒத்துப்போன அளவை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் கப்பா மதிப்பாகக் கொடுங்கள்.

சொற்பட்டியலைத் திருத்தினால் பழைய மாதிரியிலேயே மறுபடி சோதிக்காதீர்கள். அந்தப் பிழைகளைப் பார்த்துத்தானே திருத்தினீர்கள்? புதிதாகக் குலுக்கி எடுங்கள்.