2038 ஜனவரி 19, காலை 8:44

வாசகர் கேள்வி – பதில்

2038 ஜனவரியில் எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் நின்றுவிடும், வங்கிப் பணம் காணாமல் போகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறதே, உண்மையா?
– கரூர் வாசகர்

குறை இருப்பது உண்மை. "எல்லா", "ஒரே நொடியில்" என்ற இரண்டும் பொய். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணி நேரம் சொல்கின்றன. பழைய நிரல்களில் இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட் (0 அல்லது 1 மட்டும் நிற்கும் 32 கட்டங்கள்). அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய் காலை 8:44:07க்கு அது நிரம்பும். அடுத்த நொடி எண் கழித்தல் பக்கம் தாவி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

இன்றைய கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் 64 பிட்டில் எண்ணுகின்றன. அது நிரம்பப் பல ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். 32 பிட் கருவிகளுக்கும் 2020இல் வந்த லினக்ஸ் 5.6 வழி செய்துவிட்டது. கவலை எல்லாம், யாரும் புதுப்பிக்காமல் சுவரில் மாட்டிக் கிடக்கும் கேமரா ரெக்கார்டர், ரூட்டர், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பழைய தரவுத்தளம் இவற்றைப் பற்றித்தான்.

முக்கியமான ஒன்றைக் காணொளி சொல்லவில்லை. இந்தப் பிழை 2038 வரை காத்திருக்காது. இன்று தரும் 20 ஆண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணை அந்தத் தேதியைத் தாண்டுகிறது. அதைக் கணக்கிடும் பழைய நிரல் இன்றே இடறும். 2006 மே மாதமே ஏஓஎல்சர்வர் என்ற மென்பொருள் இதில் விழுந்தது. முடிவே இல்லாத காத்திருப்பு என்ற எண்ணத்தில் 100 கோடி நொடியைக் குறித்திருந்தார்கள். அன்றைய நேரத்தோடு கூட்டியதும் எல்லை தாண்டிவிட்டது.

2000ஆம் ஆண்டும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். ஒன்றுமே நடக்கவில்லையே?
– மதுரை வாசகர்

நடக்காததற்குக் காரணம் வேலை செய்தவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் எத்தனையோ நிரலாளர்கள் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழி நிரல்களை வரி வரியாகப் பார்த்து, 2000ஐ 1900 என்று எண்ணவைக்கும் இரண்டு இலக்க ஆண்டுகளைத் திருத்தினார்கள். அந்த உழைப்பைப் புரளி என்று சொல்வது அநியாயம். தப்பிய இடங்களில் பாதிப்பும் இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கருவுற்ற பெண்களின் வயதை ஒரு மருத்துவமனைக் கணினி தவறாகக் கணக்கிட்டு, டவுன் குறைபாட்டுப் பரிசோதனையில் 150க்கும் மேற்பட்டோருக்குத் தவறான முடிவு போனது. விமானங்கள் விழும் என்று எழுதியவர்கள் யாரும் இப்படி ஒன்றை நினைத்திருக்கமாட்டார்கள்.

செய்தியைப் பார்த்ததும் எது நிஜ ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– தஞ்சை வாசகர்

பிழை எந்தச் சூழலில் கிளம்பும், அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். 2015இல் போயிங் 787 நடுவானில் மின்சாரம் இழக்கும் என்று தலைப்புகள் வந்தன. மின்னாக்கிக் (ஜெனரேட்டர்) கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் எண்ணி (கவுண்டர்), இடைவிடாமல் 248 நாள் மின்சாரம் இருந்தால் நிரம்பிவிடும். கண்டது ஆய்வகச் சோதனையில். அதற்குள் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் எண்ணி மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் முடங்கி நீலத்திரை வந்தபோது சைபர் தாக்குதல் என்று பரபரத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோப்பில் 21 புலங்கள். படிக்கும் நிரலுக்குக் கிடைத்தது 20. இல்லாத 21ஆவதைத் தேடி, விண்டோஸின் கருவுக்குள்ளேயே (கெர்னல்) விழுந்தது. சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், விழுந்தவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து அழிக்கவேண்டியிருந்தது. வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்து வைக்காத அலுவலகங்கள் திண்டாடின. உங்கள் சாவியை இன்றே தாளில் எழுதிவையுங்கள்.

எங்கள் பனியன் கம்பெனியில் பழைய வருகைப்பதிவுக் கருவி, கேமரா ரெக்கார்டர், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஓடும் கணக்கு மென்பொருள் இருக்கின்றன. 2038க்குத் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?
– திருப்பூர் வாசகர்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் தேதியைத் தொடாதீர்கள். உரிமம் முடிந்ததாக மென்பொருள் பூட்டிக்கொள்ளும். "30 நாளுக்கு முந்தையதை அழி" என்ற கட்டளை இருந்தால் நேற்றைய பேக்கப்பும் போய்விடும். ரெக்கார்டருக்கும் இதே ஆபத்து உண்டு. முதலில் பதிவுகளை வெளியே எடுத்துவிட்டு, நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, தானியங்கி நேரத்தை நிறுத்துங்கள். தேதியை 2038 ஜனவரி 19, காலை 8:40 என்று வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு வருகைப்பதிவுக் கருவியில் ஒரு கைரேகை வைத்து, எந்தத் தேதியில் பதிகிறது என்று பாருங்கள். அதோடு நிற்காமல் அணைத்துப் போடுங்கள். ஓடும்போது தாங்கிய கருவி தொடங்கும்போது மடங்கலாம். கைப்பேசியில் இந்தச் சோதனை வேண்டாம். 2016இல் தேதியை 1970க்கு மாற்றிய ஐபோன்கள் திறக்காமலே போயின.

தரவுத்தளத்தில் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை 2038 ஜனவரி 19 வரைதான். டேட்டைம் 9999 வரை. டைம்ஸ்டாம்பை டேட்டைமாக மாற்றுமுன் தரவுத்தள இணைப்பின் நேர மண்டலம் +05:30 என்று உறுதிசெய்யுங்கள். உலக நேரத்தில் இருந்தால் எல்லாப் பதிவும் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். அட்டவணையை நகலெடுத்து, நகலில் மாற்றி, பத்து வரிகளை அசலோடு ஒப்பிட்ட பிறகே அசலில் கை வையுங்கள்.