ரன்னிங் பேக் பந்தில்லாமல் என்ன செய்கிறார்?
வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரரான ரன்னிங் பேக் 3 கஜத்திலேயே வீழ்த்தப்படுகிறார், பல முறை பந்தே வாங்குவதில்லை, பிறகு அவர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். 4 முயற்சிகளில் 10 கஜம் கடக்க வேண்டிய ஆட்டத்தில் 3 கஜம் என்பதும் ஓரளவு வரவுதான். புகழ்பெற்ற ரன்னிங் பேக் எமிட் ஸ்மித் தம் ஆட்ட வாழ்வில் குவித்த 18,355 கஜமும் ஓட்டத்துக்குச் சராசரி 4.2 கஜமாகச் சேர்ந்ததே.

பந்து வாங்காத வேளையில்தான் அவரை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கரின் குறுக்கே புகுந்து தோள்கொடுத்துத் தடுப்பார். அல்லது, வெறுங்கைகளை வயிற்றோடு அணைத்து, பந்து இருப்பதுபோலவே குனிந்து ஓடுவார். அதை நம்பித் தடுப்பாளர்கள் இரண்டடி முன்னே வந்துவிட்டால், அவர்களுக்குப் பின்னால் திறக்கும் வெளியில் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிடுவார். என் பார்வையில், நல்ல ரன்னிங் பேக்கை இனங்காட்டுவது இந்த வேலைதான்.