12 பேர், 14 பிரதிகள்

அன்புள்ள ஐயா,

கையால் புத்தகம் செய்யும் ஆர்வம் உள்ள நாங்கள் 12 பேர் கோவையில் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். நாலு கூட்டம் நடந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது, புத்தகம்தான் ஒன்றும் வரவில்லை. பணம் போட்டு வெட்டும் இயந்திரம் வாங்கலாம் என்கிறார்கள் சிலர். எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள நண்பருக்கு,

இயந்திரம் இப்போது வேண்டாம். ஓரம் வெட்ட ஊரிலுள்ள பைண்டிங் கடையே போதும். ரிச்சர்ட் மின்ஸ்கி 1974இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘சென்டர் ஃபார் புக் ஆர்ட்ஸ்’ போல வகுப்பு, பட்டறை, கண்காட்சி என்று வளர்வதெல்லாம் பிறகு. முதல் வருடத்துக்குப் பரிமாற்றம் ஒன்றே போதும்.

ஒவ்வொருவரும் ஒரே புத்தகத்தை 14 பிரதி செய்யட்டும். 12 உறுப்பினர்களுக்கு, ஒன்று குழுவின் சேமிப்புக்கு, ஒன்று பார்ப்பவர்கள் கையில் எடுத்துப் புரட்டுவதற்கு. கடைசிப் பக்கத்தில் தாள், நூல், தையல் முறை, பிரதி எண் நான்கும் இருக்க வேண்டும். குறித்த தேதியில் தராதவருக்கு அந்தச் சுற்றில் எதுவும் கிடையாது. இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் அடுத்த சுற்றில் பாதிப் பேர்தான் மிஞ்சுவார்கள்.

அளவு ஏ6, அதாவது ஏ4 தாளில் கால் பங்காக இருக்கட்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. தாளுக்கு இழையோட்டம் உண்டு, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அது புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். ஒருமுறை மடித்து ஏ5 ஆக்கினால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுந்து விறைக்கும், பக்கம் படியாது. இன்னொரு மடிப்பில் ஏ6 ஆனதும் இழை முதுகோடு சேர்ந்துவிடும். சந்தேகமென்றால் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது விழும் மடிப்பின் திசைதான் இழை.

2 ஏ4 தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 16 பக்கம். மேலட்டைக்கு 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமுள்ள ஏ4 தாளைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கிடைக்கும். மடிப்பில் மூன்று துளை. நூல் 37 செ.மீ., அதாவது முதுகின் இரண்டரை மடங்கு. ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே போய், மேல்துளையில் உள்ளே வரும். நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, நடுத்துளை வழியே திரும்ப உள்ளே வரும். நூலின் இரு முனையும் உள்ளே நடுத்துளையைத் தாண்டிப் போகும் நீளத் தையலின் இருபுறமும் இருக்கும்படி வைத்து முடிச்சிடுங்கள். திரும்பி வரும்போது ஊசி முதல் நூலைக் குத்தினால் நூல் இறுகாது. அதை ஓரமாக ஒதுக்கிப் பிடியுங்கள். இறுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். தன் பக்கம் நிமிர்த்தி இழுத்தால் துளை கிழியும். புதியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கெட்டி அட்டையும் பசையும் இரண்டாம் சுற்றுக்கு இருக்கட்டும். பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் வழக்கம் பைண்டிங் கடைகளில் உண்டு. அது நஞ்சு, பழகாதவர்கள் தொட வேண்டாம். அன்றன்றைக்குத் தேவையான பசையை அன்றே காய்ச்சிக்கொள்ளுங்கள்.